35 மணி நேரத்தை எங்கே சேர்ப்பது? பிரிட்டனில் பதிவைப் புதுப்பிக்கும் செவிலியருக்கு ஓர் ஒப்பீடு

பிரிட்டனில் வேலை பார்க்கும் செவிலியர் எல்லாரும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, செவிலியர் பதிவை நிர்வகிக்கும் என்எம்சி அமைப்பில் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டுக்கு ரீவேலிடேஷன் என்று பெயர். அது கேட்பவை பல. 450 மணி நேரப் பணி, 35 மணி நேரத் தொடர்கல்வி (வார்டில் சிபிடி என்பார்கள்), நம் பணியைப் பற்றிப் பிறர் சொன்ன ஐந்து கருத்துகள், நாமே எழுதும் ஐந்து சிந்தனைக் குறிப்புகள், அந்தக் குறிப்புகளை வைத்து என்எம்சி பதிவுள்ள இன்னொருவருடன் ஓர் உரையாடல், உடல்நலமும் நன்னடத்தையும் பற்றிய உறுதிமொழி, பணிசார் காப்பீடு, கடைசியாக இவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒருவர் தரும் ஒப்புதல்.

இதில் பலரையும் கடைசி மாதத்தில் திணறவைப்பது அந்த 35 மணி நேரம்தான். கணக்கைப் பார்த்தால் திணறவே வேண்டியதில்லை. மூன்று ஆண்டு என்பது 36 மாதம். மாதத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே போதும். ஆனால் 35இல் குறைந்தது 20 மணி நேரம் மற்றவர்களோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். இதைப் பங்கேற்புக் கல்வி என்று சொல்லலாம். வீட்டில் தனியாகக் கணினி முன் உட்கார்ந்து 50 மணி நேரம் படித்திருந்தாலும், அதிலிருந்து 15 மணி நேரம்தான் இந்தக் கணக்குக்கு உதவும். மீதி 20க்கு ஆட்கள் வேண்டும். இரவோடு இரவாகச் சேர்க்க முடியாததும் அதுதான். ஆகவே எந்த வழியில் மணி நேரம் சேர்ப்பது என்று தீர்மானிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அந்த வழி இந்த 20ஐ நிரப்புமா என்பதை.

பணி நேரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். வாரம் 37.5 மணி நேரம் வேலை செய்பவருக்கு 450 என்பது 12 வாரம். சம்பளக் கணக்கில் 11.5 மணி நேரம் வரும் லாங் டே ஷிஃப்டில் பார்த்தால் மூன்று ஆண்டில் 40 ஷிஃப்ட் போதும். பகுதி நேரம் பார்ப்பவர்களுக்கும் இது பெரிய தடையில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு வரும் சந்தேகம் வேறு. ஊரில் ஆர்என்ஆர்எம் என்று செவிலியர், மருத்துவச்சி இரண்டுக்கும் சேர்த்தே பதிவு இருக்கும். செவிலியராகவும் மருத்துவச்சியாகவும் பதிவு வைத்திருப்பவர்களிடம் என்எம்சி 900 மணி நேரம் கேட்கிறது. ஆனால் அது பார்ப்பது தன் பதிவேட்டை மட்டும்தான். அங்கே செவிலியர் பகுதியில் மட்டும் பெயர் இருந்தால் 450 போதும். இரண்டு பதிவு இருந்தாலும் தொடர்கல்வி அதே 35 மணி நேரம்தான், இரட்டிப்பாகாது. என்எம்சி பதிவு எண் (பின் என்பார்கள்) கிடைப்பதற்கு முன் ஹெல்த்கேர் அசிஸ்டெண்டாகப் பார்த்த வேலையைப் பணி நேரத்தில் சேர்க்கக் கூடாது. முதல் புதுப்பித்தலில் இந்தத் தவறு நடப்பதுண்டு.

எது பங்கேற்பு, எது இல்லை

சான்றிதழில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதில் விஷயம் இல்லை. கற்கும்போது இன்னொரு தொழில்முறையாளரோடு பேச்சும் பதிலும் நடந்ததா என்பதுதான் கேள்வி. அவர் செவிலியராக இருக்க வேண்டியதில்லை. மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், மருந்தாளுநர், சமூகப் பணியாளர் யாராகவும் இருக்கலாம். மருத்துவத் துறைக்கு வெளியே உள்ளவராகக்கூட இருக்கலாம். நேரில்தான் சந்திக்க வேண்டும் என்பதும் இல்லை. கேள்வி கேட்டு விவாதிக்கும் நேரலை இணையக் கூட்டம் பங்கேற்பில் சேரும். அதே கூட்டத்தின் பதிவை மறுநாள் வீட்டில் போட்டுப் பார்த்தால் அது தனிப்படிப்பு.

ஒரே பாடத்தை இரண்டாகப் பிரிக்கவும் வழியுண்டு. புண் பராமரிப்பு பற்றி ஒரு மணி நேர ஆன்லைன் பாடத்தைத் தனியாக முடித்துவிட்டு, அதை வைத்து வார்டில் நாலு பேரோடு ஒரு மணி நேரம் விவாதித்தால், முதல் மணி தனி, இரண்டாவது மணி பங்கேற்பு. உங்கள் தொடர்கல்விப் பதிவேட்டில் இரண்டு வரியாக எழுத வேண்டும். மொத்தமாக 2 மணி நேரம் பங்கேற்பு என்று எழுதுவது தவறு.

ஷிஃப்ட் மாறும்போது நோயாளி விவரம் ஒப்படைக்கும் அன்றாட ஹேண்ட்ஓவரும், தினமும் நடக்கும் ரவுண்டும் தொடர்கல்வி ஆகாது. அவை வேலையின் பகுதி. அதே மருத்துவக் குழு அன்றாட வேலையிலிருந்து விலகி, சிக்கலான ஒரு கேஸை எடுத்து வைத்து அலசினால் அது சேரும். இந்த எல்லைக்கோடு தெரியாமல் வாராந்திரக் கூட்டங்களை எல்லாம் அடுக்கி 20ஐ நிரப்பியவர்கள், ஒப்புதல் தருபவர் "இதில் என்ன கற்றீர்கள்?" என்று கேட்கும்போது திகைத்து நிற்கிறார்கள்.

வார்டிலேயே கிடைப்பது

பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சிறந்த வழி என்பது எங்கள் தீர்மானமான கருத்து. செலவில்லை, பயணமில்லை. கற்றதை மறுநாளே நோயாளியிடம் பயன்படுத்தலாம். சிந்தனைக் குறிப்பு எழுதவும் இதிலிருந்துதான் உயிருள்ள விஷயம் கிடைக்கும்.

பிராக்டிஸ் டெவலப்மெண்ட் நர்ஸ் (செவிலியருக்குப் பயிற்சி தருபவர்) மதியம் அரை மணி நேரம் வார்டில் எடுக்கும் வகுப்பு, மாதம் ஒருமுறை ஜர்னல் கிளப், கிளினிக்கல் சூப்பர்விஷன், விழுந்த நோயாளி அல்லது படுக்கைப்புண் வந்த நோயாளி பற்றிய கேஸ் ஆய்வு, கார்டியாக் அரெஸ்ட் முடிந்தபின் குழுவாக உட்கார்ந்து பேசும் டீபிரீஃபிங், கிளினிக்கல் ஆடிட்டில் பங்கு, ஐடியூவிலோ (தீவிர சிகிச்சைப் பிரிவு) எண்டோஸ்கோபியிலோ ஒரு நாள் கூட இருந்து பார்ப்பது, டிஷ்யூ வயபிலிட்டி நர்ஸோடு (புண் பராமரிப்பு நிபுணர்) ஒரு ரவுண்டு போவது என்று பட்டியல் நீளும். மாணவர்களுக்கு மேற்பார்வையாளராகவும் மதிப்பீட்டாளராகவும் ஆவதற்கான பயிற்சியையும் இதில் வைக்கலாம்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. இதற்கெல்லாம் யாரும் தாள் தருவதில்லை. அரை மணி நேர வகுப்பு முடிந்ததும் எல்லாரும் மருந்து ரவுண்டுக்கு ஓடிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துத் தேதியும் நினைவிருக்காது, தலைப்பும் நினைவிருக்காது. மூன்று ஆண்டில் 40 மணி நேரம் உண்மையாகவே கற்றிருப்பார், கையில் ஆதாரம் 6 மணி நேரத்துக்குத்தான் இருக்கும். கற்காமல் போவதைவிட, கற்றதை எழுதாமல் போவதே அதிகம்.

இதற்கு மருந்து எளிது. வகுப்பு முடிந்த அன்றே தேதி, தலைப்பு, நேரம், நடத்தியவரின் பதவி நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதன் நகலைக் கேளுங்கள். தாளே இல்லாவிட்டால், வகுப்பெடுத்தவருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி, "இன்றைய செப்சிஸ் வகுப்பில் கலந்துகொண்டேன், என் பதிவுக்காக உறுதிசெய்ய முடியுமா?" என்று கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். அந்த மின்னஞ்சலே ஆதாரம். நோயாளியின் பெயர், படுக்கை எண், மருத்துவமனை எண் எதுவும் அதில் இருக்கக் கூடாது.

ஸ்டடி டே, மாநாடு

ஒரு முழுநாள் ஸ்டடி டேயில் ஆறு ஏழு மணி நேரம் ஒரே மூச்சில் சேரும். கலந்துரையாடலும் குழுப் பயிற்சியும் இருந்தால் அத்தனையும் பங்கேற்பு. மூன்று ஆண்டில் மூன்று நாள் போனால் 20 கிட்டத்தட்ட முடிந்தது. சான்றிதழும் கையோடு கிடைத்துவிடும். மதிய உணவு நேரத்தையும் பயண நேரத்தையும் கழித்துவிட்டுக் கற்ற நேரத்தை மட்டும் எழுத வேண்டும்.

சிக்கல் விடுப்பில் வருகிறது. சொந்த டிரஸ்ட் (மருத்துவமனையை நடத்தும் அரசு சுகாதார அமைப்பு) நடத்தும் நாளென்றால் ஸ்டடி லீவ் கிடைக்க வாய்ப்பு அதிகம், கட்டணமும் இருக்காது. வெளியே நடக்கும் மாநாட்டுக்குக் கட்டணம், ரயில் டிக்கெட், ஒரு நாள் ஆண்டு விடுப்பு மூன்றும் சேர்ந்து போகலாம். ரோஸ்டர் வெளிவந்த பிறகு கேட்டால் வார்டு மேனேஜரால் கொடுக்க முடியாது. ரோஸ்டர் போடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை வந்தால் கடைசி நிமிடத்தில் ஸ்டடி டே ரத்தாகி ஷிஃப்டுக்கு இழுக்கப்படுவதும் நடக்கும். அதனால் ஸ்டடி டேயை மூன்றாம் ஆண்டின் கடைசிக்கு வைப்பது ஆபத்து.

பெரிய அரங்கில் 300 பேரோடு உட்கார்ந்து உரை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் அது எவ்வளவு பங்கேற்பு என்று நாமே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பயிலரங்கு உள்ள நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஆன்லைன் பாடங்கள்

தனிப்படிப்புக்கான 15 மணி நேரத்துக்கு இவை போதும், அதற்கு மேல் வேண்டாம். எலர்னிங் ஃபார் ஹெல்த்கேர் தளம் என்எச்எஸ் (அரசு சுகாதாரச் சேவை) ஊழியர்களுக்கு இலவசம். ஓப்பன் யூனிவர்சிட்டியின் ஓப்பன்லேர்ன் எல்லாருக்கும் இலவசம். ஆர்சிஎன் என்ற செவிலியர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அவர்களுடைய கற்றல் பக்கங்களும் கிடைக்கும். நைட் ஷிஃப்ட் பார்ப்பவருக்கும் கைக்குழந்தை உள்ளவருக்கும் நேரம் தம் கையில் இருப்பது பெரிய வசதி. தொழில் இதழ்க் கட்டுரையைப் படித்துக் குறிப்பெடுப்பதும் இதே வகைதான்.

மாட்யூலை முடித்ததும் கிடைக்கும் சான்றிதழை உடனே பதிவிறக்கி வையுங்கள். டிரஸ்ட் மாறும்போது பழைய கணக்கு மூடப்பட்டு, உள்ளே இருந்த சான்றிதழெல்லாம் கைவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. வேலையை விடும் கடைசி வாரத்தில் செய்ய வேண்டியவற்றில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டாயப் பயிற்சிகளைச் சேர்க்கலாமா என்ற கேள்வி எல்லாருக்கும் உண்டு. தீத்தடுப்பு, பொதுவான பணியிடப் பாதுகாப்பு போன்றவை சேராது, ஏனென்றால் அவை செவிலியத் தொழிலோடு நேரடியாகப் பொருந்துபவை அல்ல. உங்கள் வேலைக்கு நேரடியாகத் தேவைப்படும் கட்டாயப் பயிற்சி சேரும். பாதிக்கப்படக்கூடிய நிலையில் உள்ளவர்களைப் பராமரிக்கும் செவிலியருக்கு சேஃப்கார்டிங் (துன்புறுத்தலிலிருந்து காப்பது பற்றிய) பயிற்சி அப்படிப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் "இது என் நோயாளிக்கு எப்படி உதவியது?" என்று ஒரு வரி எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

காசுக்கு விற்கும் சான்றிதழ்கள்

"35 மணி நேரமும் ஒரே தொகுப்பில், என்எம்சிக்கு ஏற்றது" என்ற வகை விளம்பரங்களுக்குப் பணம் கட்ட வேண்டாம். என்எம்சி எந்த வகைப் பாடம் படிக்க வேண்டும் என்று விதிப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில்தான் படிக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. இல்லாத தேவைக்கு முத்திரை விற்கிறார்கள். தனியாக உட்கார்ந்து கேள்விக்கு விடை குறிக்கும் பாடமாக இருந்தால், எத்தனை மணி நேரம் என்று அச்சிட்டிருந்தாலும் பங்கேற்பில் ஒரு நிமிடம்கூடச் சேராது.

இந்தக் குழப்பம் அமெரிக்க முறையைக் கேள்விப்பட்டவர்களிடம் அதிகம். கலிஃபோர்னியாவில் பதிவுபெற்ற செவிலியர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 30 காண்டாக்ட் அவர் (அங்கீகரிக்கப்பட்ட பாட நேரம்) காட்ட வேண்டும். அங்கே பாடம் நடத்துபவருக்கு அங்கீகார எண் இருப்பது முக்கியம், சான்றிதழ்களை நான்கு ஆண்டு பாதுகாக்க வேண்டும். அங்கே எண்ணிக்கையும் அங்கீகாரமும் பேசும். பிரிட்டனில் நீங்கள் என்ன கற்றீர்கள், அதனால் எதை மாற்றினீர்கள் என்பது பேசும். அமெரிக்காவில் இருக்கும் அக்கா அனுப்பிய இணைப்பில் படித்ததைத் தனிப்படிப்பாக எழுதலாம், தவறில்லை. அதை நம்பி 20ஐ விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பல்கலைக்கழக மாட்யூல்

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் ஒரு கிரெடிட் என்பது சுமார் 10 மணி நேரக் கற்றல். 20 கிரெடிட் மாட்யூல் என்றால் 200 மணி நேரம். 35க்காக இதில் சேர்வது, ஒரு கிலோ அரிசிக்கு ஆலையையே விலை பேசுவது மாதிரி. வேறு காரணம் இருந்தால் மட்டும் சேரலாம். ஜிஎன்எம் டிப்ளமோவோடு வந்தவர் பட்டமாக மாற்ற நினைக்கிறார், பேண்ட் 6 (அடுத்த சம்பளப் படிநிலை) பதவிக்கு அந்த மாட்யூலைக் கேட்கிறார்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் சிறப்புத் தகுதி வேண்டும் என்பன போன்றவை நல்ல காரணங்கள். அப்போது ரீவேலிடேஷன் கூடவே முடிந்துவிடும். வகுப்பறை விவாதமும் மேற்பார்வையில் செய்த பயிற்சியும் பங்கேற்பு, வீட்டில் எழுதிய கட்டுரை தனிப்படிப்பு.

கட்டணத்தை டிரஸ்ட் கட்டினால் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கலாம். வேறு ஊருக்கு மாறும் எண்ணம் உள்ளவர்களை இது கட்டிப்போடும்.

யாருக்கு எது பொருந்தும்

மருத்துவமனை வார்டில் முழுநேரம் இருப்பவர் ஆண்டுக்கு ஒரு ஸ்டடி டே, இரண்டு மாதத்துக்கு ஒரு மணி நேரம் வார்டு வகுப்பு அல்லது கேஸ் ஆய்வு, ஆண்டுக்கு 5 மணி நேர ஆன்லைன் பாடம் என்று வைத்துக்கொண்டால் மூன்று ஆண்டில் பங்கேற்பு 36 மணி நேரம், தனிப்படிப்பு 15 மணி நேரம் ஆகிவிடும். ஸ்டடி டேயில் ஒன்று ரத்தானாலும் கவலையில்லை. பங்கேற்பு அதிகமாகிவிட்டதே என்று நினைக்க வேண்டாம். 35ம் பங்கேற்பாகவே இருந்தாலும் ஏற்கத்தக்கதுதான். 20 என்பது கீழ்வரம்பு மட்டுமே.

கேர் ஹோமில் நைட் பார்ப்பவரின் நிலைமை இப்படி இல்லை. கட்டடம் முழுவதற்கும் அவர் ஒருவரே செவிலியர், உடன் இருப்பவர்கள் கேரர்கள். வார்டு வகுப்பு கிடையாது. அவர் வெளியே போய்த்தான் ஆள் தேட வேண்டும். அருகிலுள்ள ஹாஸ்பிஸ் (இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம்), சிரிஞ்ச் டிரைவர் (மருந்தைச் சீராகச் செலுத்தும் கருவி), இறுதிக்காலப் பராமரிப்பு ஆகியவை பற்றிக் கேர் ஹோம் செவிலியர்களுக்கு நடத்தும் வகுப்பு, உள்ளூர் தொற்றுத்தடுப்பு அல்லது புண் பராமரிப்பு லிங்க் நர்ஸ் குழு, ஜிபி (குடும்ப மருத்துவர்) மையத்தின் மருந்தாளுநரோடு உட்கார்ந்து செய்யும் மருந்து மறுஆய்வு ஆகியவற்றில் ஒன்றிரண்டைப் பிடித்தால் போதும். செவிலியர் சங்கங்கள் மாலையில் நடத்தும் நேரலை இணையக் கூட்டமும் இவர்களுக்கு வசதி, கேமராவைப் போட்டுக் கேள்வி கேட்டுப் பங்கேற்றால். முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டியவர்கள் முக்கியமாக இவர்கள்தான்.

ஏஜென்சியிலும் பேங்க் ஷிஃப்டிலும் (தேவைப்படும்போது மட்டும் எடுக்கும் ஷிஃப்ட்) வேலை பார்ப்பவருக்கு மணி நேரம் கிடைத்தாலும் ஆள் நிலையாக இருக்காது. வார்டுக்கு வார்டு மாறுவதால் ஒப்புதல் தர மேனேஜர் யார் என்பதே கேள்வியாகிவிடும். மாதத்துக்கு நான்கு ஷிஃப்டாவது ஒரே வார்டில் எடுத்து, அங்குள்ள சிஸ்டரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது புத்திசாலித்தனம்.

மகப்பேறு விடுப்பில் போகிறவர்களுக்காக மணி நேரத்தை யாரும் தானாகக் குறைப்பதில்லை. ஆனால் விடுப்பைக் கெடுத்துக்கொள்ளாமல் 10 நாள் வரை கீப்பிங் இன் டச் நாள் என்று வேலைக்குப் போய்வரலாம். அதில் இரண்டை ஸ்டடி டேக்குப் பயன்படுத்தினால் 12 மணி நேரத்துக்கு மேல் பங்கேற்பு சேர்ந்துவிடும். சம்பளம் எப்படி என்பதை முதலிலேயே மேனேஜரிடம் பேசிக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும் தேதி விடுப்புக்குள் விழுந்தால், தேதி நெருங்கும்வரை காத்திராமல் என்எம்சிக்கு எழுதுங்கள்.

பதிவேட்டில் எழுதுவதும், சிந்தனைக் குறிப்பும்

ஒவ்வொரு பதிவுக்கும் வேண்டியவை: எந்த வழியில் கற்றது, தலைப்பு என்ன, அது உங்கள் வேலையோடு எப்படிச் சேர்கிறது, தேதி, மொத்த மணி நேரம், அதில் பங்கேற்பு எவ்வளவு, என்எம்சி நடத்தை விதித்தொகுப்பின் எந்தப் பகுதியோடு பொருந்துகிறது, ஆதாரம். கடைசி இரண்டையும் விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு.

வழிகளை ஒப்பிட இன்னோர் உரைகல் இருக்கிறது: அதிலிருந்து ஒரு சிந்தனைக் குறிப்பு எழுத முடியுமா? ஐந்து குறிப்பையும் என்எம்சியின் படிவத்தில்தான் எழுத வேண்டும். அது கேட்பது நான்கே கேள்வி. என்ன நடந்தது, என்ன கற்றீர்கள், அதனால் வேலையில் எதை மாற்றினீர்கள், விதித்தொகுப்போடு என்ன தொடர்பு. மூன்றாவது கேள்வியில்தான் தனிப்படிப்புச் சான்றிதழ் பல்லிளிக்கும்.

உதாரணத்துக்கு நியூஸ் 2 (நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் மதிப்பெண் அட்டவணை) பற்றிய அரை மணி நேர வார்டு வகுப்பை எடுத்துக்கொள்வோம். அந்த அட்டவணையில் ஆக்சிஜன் செறிவுக்கு இரண்டு அளவுகோல் உண்டு. 90 சதவீதம் காட்டும் நோயாளிக்கு முதல் அளவுகோலில் 3 புள்ளி, இரண்டாவதில் 0. ரத்தத்தில் கார்பன் டையாக்சைடு தேங்கும் சுவாசச் செயலிழப்பு உறுதிசெய்யப்பட்டு, 88 முதல் 92 சதவீதம் இலக்கு என்று முடிவெடுக்கும் தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் எழுதியிருந்தால் மட்டும் இரண்டாவதைப் பயன்படுத்த வேண்டும். சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று கேஸ் ஷீட்டில் பார்த்தவுடனே தானாக இரண்டாவதுக்கு மாறினால், உண்மையிலேயே மோசமாகிவரும் நோயாளியின் எச்சரிக்கைப் புள்ளி மறைந்துபோகும். இரண்டாவது தேவைப்படும் நோயாளிக்கு முதலாவதையே வைத்திருந்தால், ஆக்சிஜனைக் கூட்டிக் கூட்டி வைத்துக் கேடு செய்துவிடலாம். இதை வகுப்பில் கற்றவர், "இப்போது ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் எந்த அளவுகோல் என்பது மருத்துவர் குறிப்பில் இருக்கிறதா என்று சரிபார்க்கிறேன்; இல்லையென்றால் கேட்டு எழுதவைக்கிறேன்" என்று எழுதினால் அது முழுமையான குறிப்பு. விதித்தொகுப்பின் நான்கு தலைப்புகளில் பாதுகாப்பைக் காப்பது, திறம்படப் பணியாற்றுவது இரண்டோடும் பொருந்தும். அரை மணி நேரத்தில் கிடைத்தது இது. ஆறு மணி நேர ஆன்லைன் சான்றிதழிலிருந்து இப்படி ஒரு வரி வராவிட்டால், அதில் செலவழித்த நேரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதத் தயங்கி இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் குறிப்பை அப்படியே எடுத்து ஒட்டுபவர்கள் உண்டு. நடை அழகு யாருக்கும் தேவையில்லை. எளிய வாக்கியத்தில் உங்கள் வார்டில் நடந்ததை எழுதினால் போதும். உரையாடலில் எதிரே இருப்பவர் அதைப் பற்றித்தான் கேட்பார், இரவல் குறிப்பு அங்கே நிற்காது.

ஒப்புதலும் தேதிகளும்

சிந்தனைக் குறிப்புகளைப் பற்றி உரையாடுபவர் என்எம்சி பதிவுள்ளவராக இருக்க வேண்டும். இறுதி ஒப்புதல் தருபவர் கூடியவரை உங்கள் மேனேஜர். மேனேஜரே என்எம்சி பதிவுள்ளவரானால் இரண்டையும் ஒரே உட்காருதலில் முடித்துவிடலாம். உறவினரோ நெருங்கிய நண்பரோ இதைச் செய்யக் கூடாது. கணவனும் மனைவியும் ஒரே மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் வீடுகள் நம்மவர்களிடம் நிறைய. ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போடும் எண்ணம் வேண்டாம். ஒப்புதல் உரையாடல் கடைசி 12 மாதத்துக்குள் நடக்க வேண்டும். மேனேஜருக்கும் விடுப்பு உண்டு, பணிமாற்றம் உண்டு. மூன்று மாதம் முன்பே நாள் குறித்துவிடுங்கள்.

பதிவு முடியும் தேதியும் விண்ணப்பிக்கக் கடைசித் தேதியும் ஒன்றல்ல. பதிவு ஏப்ரல் 30 அன்று முடிகிறது என்றால் விண்ணப்பம் ஏப்ரல் 1க்குள் போயிருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் கடைசித் தேதிக்குக் குறைந்தது 60 நாள் முன்பு என்எம்சி மின்னஞ்சல் அனுப்பும். அது பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஓஎஸ்சிஇ என்ற செய்முறைத் தேர்வு கொடுத்த காலத்தில் கொடுத்த மின்னஞ்சல் இன்னும் இருக்கிறதா என்று இன்றே என்எம்சி ஆன்லைன் கணக்கில் பாருங்கள். ஆண்டுக் கட்டணத்தையும் கட்டியிருக்க வேண்டும். விண்ணப்பத்தோடு ஆதாரங்களை அனுப்பத் தேவையில்லை. ஆனால் மாதிரிக்குச் சிலரைத் தேர்ந்தெடுத்துச் சரிபார்ப்பார்கள். ஆதாரங்களை அடுக்கிய கோப்பை (போர்ட்ஃபோலியோ) அடுத்த ரீவேலிடேஷன் முடியும்வரை வைத்திருங்கள்.

தேதி தவறினால் பதிவு காலாவதியாகும், அன்றிலிருந்து செவிலியராக வேலை செய்வது சட்டவிரோதம். மறுசேர்க்கைக்கு விண்ணப்பித்தால் இரண்டு முதல் ஆறு வாரம்வரை ஆகும். அந்த இடைவெளியில் சம்பளம் நிற்கலாம், அல்லது ஹெல்த்கேர் அசிஸ்டெண்ட் வேலைக்கு இறக்கலாம். விசா ஸ்பான்சர்ஷிப் செவிலியர் பதவிக்குத் தரப்பட்டது என்பதால் எச்ஆரிடம் அதே நாளில் சொல்லிவிட வேண்டும், மறைத்து ஷிஃப்டுக்குப் போகவே கூடாது. மூன்றாம் ஆண்டின் பாதியில் இருக்கிறீர்கள், பங்கேற்பு 20இல் 8தான் இருக்கிறது என்றால், டிரஸ்டின் அடுத்த இரண்டு ஸ்டடி டேயில் இப்போதே இடம் பிடியுங்கள்.